நேர்த்திச் சேவலும் வந்த சேவலும்

கார்த்திகை 4, புதன்

விடியவே மழை. வாடைக்காற்று. துறையில் கப்பல் இல்லை. ஸ்டோரில் சும்மா இருந்து தேநீர் குடித்ததுதான் வேலை. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சவர்க்காரம், பார்வதிக்குத் தோடம்பழம். போன கிழமை குச்சவெளியில் மலிவென்று நான் வாங்கி வந்த பேட்டுக்கோழி காலையில் இரை எடுக்கவில்லை. மழைக்குளிராக்கும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வளவில் போர். எங்கிருந்தோ ஒரு சேவல் வேலி பாய்ந்து வந்து எங்களுடையதைக் கிழித்துப் போட்டிருக்கிறது. பார்வதி நிறைமாத வயிற்றோடு, கையில் விளக்குமாறு, மழையில் நனைந்தபடி. எனக்கு வந்த கோபத்தில் விறகுக்கட்டையைத் தூக்கிவிட்டேன்.

எங்களுடையது வெறும் சேவல் இல்லை. எங்களுக்கு முன்னே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்த முறை சுகமாகப் பிறந்தால் கொண்டுவந்து விடுகிறேன் என்று காளி கோயிலுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, கையால் அரிசி ஊட்டி வளர்க்கிறாள். சேவலுக்கு ஒன்று நடந்தால் பிள்ளைக்கும் நடக்கும் என்று நினைக்கிறாள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வாயும் இல்லை.

வந்த சேவலின் காலிலும் ஒரு முடிச்சு. பச்சைத் துணிக் கிழிசல். பக்கத்து வீட்டுக் கதீஜா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அடிச்சிராதீங்க தம்பி. ஆரோ நேர்ந்து உட்ட சாவல் அது."

நேர்ந்த சேவலை அடித்தால் நேர்ந்தவளின் குறை அடித்தவன் வீட்டுக்கு வரும். இதில் மட்டும் சைவருக்கும் சோனகருக்கும் ஒரே கதை. ஆக, அடிக்கவும் முடியாது, துரத்தவும் முடியாது. நோய் கொண்டு வந்திருந்தால்? விறகுக் கொட்டிலில் கரப்புக் கூடையால் மூடி, மேலே கல் வைத்தேன். தண்ணீருக்குத் தனிச் சிரட்டை. தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று வீட்டில் சட்டம். எங்களுடையதைப் பனையோலைக் கடகத்தில் போட்டுப் பார்வதியின் பாய்க்குப் பக்கத்தில் வைத்தோம்.

5, வியாழன்

அரைநாள் லீவு. மழை விடவில்லை. எங்கள் சேவல் குடிக்கிற தண்ணீர் நெஞ்சால் ஒழுகுகிறது. இரைப்பை கிழிந்திருக்கிறது. மஞ்சள் அவித்த தண்ணீரால் கழுவினேன். ஊசியையும் நூலையும் கொதிக்க வைத்து உள்தோல் தனியாக, வெளித்தோல் தனியாகத் தையல். அயடின் ஸ்டோர் மருந்துப் பெட்டியிலிருந்து. கேட்டு எடுக்கவில்லை. பார்வதி செட்டையைப் பிடித்தாள். சாக்குத் தைக்கிற மாதிரித் தைக்கிறீர்கள் என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

பிறகு தண்ணீர் பருக்கிப் பார்த்தோம். ஒழுகவில்லை.

6, வெள்ளி

பேடு செத்துக் கிடந்தது. வந்தவன் வேலையைக் காட்டிவிட்டான். கொட்டிலுக்குள் இருந்து வெட்கமில்லாமல் கூவல் வேறு. மீன் சந்தையிலும் நிலாவெளி பஸ்சடியிலும் சேவல் தொலைத்தவர் உண்டா என்று விசாரித்தேன். ஒருவரும் இல்லை. மண்ணெண்ணெய் மறந்துவிட்டேன்.

எங்களது குழைசோறு கொஞ்சம் எடுத்தது. பார்வதியும் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

7, சனி

எங்கள் சேவல் பச்சையாகக் கழிகிறது. கழுத்து ஒரு பக்கம் திருகுகிறது. தையல் ஆறி வருகிறது; இது காயத்தால் வந்ததில்லை.

வந்தவனைப் போய்ப் பார்த்தேன். கண் தெளிவு. நெல்லைப் போட்டால் கையையும் சேர்த்துக் கொத்துகிறான். அப்போதுதான் உறைத்தது. பேடு வாடினது புதன் காலை. இவன் வந்தது பின்னேரம். நோயைக் குச்சவெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்தவன் நான். சுகமானதைப் பூட்டி வைத்துவிட்டு, நோய்காரனைப் பெண்சாதியின் தலைமாட்டில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல கெட்டித்தனம்.

மிருக வைத்தியர் கந்தளாய்க்குப் போய்விட்டாராம். பார்வதிக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் கடகத்துக்குள் கை வைத்தபடி கிடக்கிறாள். பயமாக இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவனுக்கு எதற்குப் பயம்?

8, ஞாயிறு

விடியப்புறம் செத்துவிட்டது. பார்வதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மஞ்சள் நூலை வெட்டி எடுத்துக்கொண்டு, முருங்கையடியில் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தாட்டேன்.

பிறகு கொட்டிலுக்குப் போய்க் கரப்பைத் தூக்கினேன். அதே சிவப்பு. வால்தான் கொஞ்சம் கறுப்பு. பச்சையை அவிழ்த்து மஞ்சளைக் கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? முடிச்சைப் பாதி தளர்த்தியும் விட்டேன். உள்ளே இருந்து பார்வதி கூப்பிட்டாள். பிரசவ நோ தொடங்கிவிட்டது.

வாடகைக் கார். வழி முழுக்க வெள்ளம். ஆஸ்பத்திரி வாசலில், சேவல் எப்படி என்று கேட்டாள். சோறு எடுத்தது என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பொய் சொல்லாதேங்கோ. நீங்கள் கிடங்கு வெட்டேக்க நான் முழிச்சுத்தான் கிடந்தனான்."

தாதி வந்து அவளைத் தாங்கிக் கூட்டிப் போனார். கதவடியில் திரும்பினாள்.

"வீட்டை போய் மற்றச் சேவலுக்கு இரை வையுங்கோ. பட்டினி போட்டிடாதேங்கோ. அதையும் ஒருத்தி தன்ர பிள்ளைக்கெண்டுதானே நேர்ந்திருப்பாள்."

வந்து நெல் வைத்தேன். தண்ணீர் மாற்றினேன். பச்சை முடிச்சை இறுக்கிக் கட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் செய்தி இல்லை. திரும்பப் போகிறேன்.