எடுத்த வகுப்புக்கு அனுபவச் சான்று கோரி

அனுப்புநர்:
அச்சகக்காரர் மனைவி,
மாடி வீடு, தொடக்கப் பள்ளிப் பின்தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: பட்டம் பெறாதோர் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுவதற்கான அனுபவச் சான்று கிடைக்காதது – தங்கள் ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஓர் இல்லத்தரசி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு என் மகள் படித்து முடித்த புத்தகங்களை, அவளுக்கு ஒரு வகுப்பு பின்னாலேயே படித்து வந்து, தனித்தேர்வராகப் பள்ளி இறுதித் தேர்வில் தேறினேன். கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கான காரணங்கள் இம்மனுவுக்குத் தேவையில்லை.

2. எங்கள் தெருவை ஒட்டிய தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு ஆசிரியை மாற்றலாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று தலைமையாசிரியை அழைத்தார். ஒரு வாரம் இருக்கும் என்று நினைத்துப் போனேன்; ஐந்து ஆண்டுகளாக நான்தான் பாடம் எடுக்கிறேன். ஏட்டில் அவ்வகுப்பு முதல் வகுப்பு ஆசிரியையின் பொறுப்பில் உள்ளது. நான் தண்ணீர் பிடித்து வைக்கும் உதவியாளர்.

3. சென்ற ஆண்டு தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டு முதல் வகுப்பு ஆசிரியையைப் பாராட்டினீர்கள். அவரும் பாவம், கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். தங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நான்தான். வாசித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி ஒரு சொல்லில் தடுக்கி, தங்களைத் தாண்டி என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

4. பட்டம் இல்லாதவர்களும் மூன்று ஆண்டு கற்பித்த சான்று இருந்தால் தேர்வு எழுதலாம் என்று தங்கள் சுற்றறிக்கை வந்தது. அன்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்குப் போனேன். ஆனால் சான்று கேட்டபோது தலைமையாசிரியை, "இதுல நான் கையெழுத்துப் போட்டா நீ உள்ள வருவ, நான் வெளிய போவேம்மா" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் கற்பித்தேன் என்று எழுதினால், தகுதியில்லாதவளை வகுப்பில் விட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். எழுதாவிட்டால் நான் கற்பிக்கவே இல்லை என்றாகும்.

5. தங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தேன். "சான்று கொண்டாங்க, இல்ல பட்டம் கொண்டாங்க. ரெண்டும் இல்லாம என் உயிரை எடுக்காதீங்க" என்றார் எழுத்தர். அதைக் கேட்டிருந்த ஒருவர் வாசல்வரை பின்னாலேயே வந்து, பணம் கொடுத்தால் பட்டமே வாங்கித் தருவதாகச் சொன்னார். பிரார்த்தனைக்குக் கூப்பும் கையால் அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் நாத்தனார், "நீங்க பரீட்சைக்குப் போங்க அண்ணி, எங்கண்ணனுக்குக் கல்வி அலுவலர் வந்து சோறு போடுவாரு" என்கிறார். தங்களை இதில் இழுத்ததற்கு மன்னிக்கவும்.

6. வரவை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் என் குறைகளையும் எழுதுகிறேன். ஆங்கில உச்சரிப்பு எனக்குச் சுமார்தான். பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் தெரியாமல், "நாளைக்குச் சொல்றேன்" என்று வீட்டுக்கு வந்து படித்துப் போய்ச் சொன்ன நாட்கள் உண்டு. முறையாகப் பயின்றவர் என்னைவிட நன்றாக எடுக்கக்கூடும். அதைத் தேர்வு வைத்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

7. ஆகவே, வேறு எந்தப் பள்ளியிலாவது, முன்பின் அறியாத பிள்ளைகள் முன்னால் என்னை நிறுத்தி, தாங்களோ தாங்கள் அனுப்பும் ஒருவரோ பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, அதையே சான்றாக ஏற்று ஆணையிட வேண்டுகிறேன். தலைமையாசிரியை மீது நடவடிக்கை வேண்டாம். நடந்தது தவறென்றால் அதில் பாதி என்னுடையது. முடியாது என்பதே தங்கள் முடிவானால், அதை எழுத்தில் தரக் கோருகிறேன். இதுவரை எல்லோரும் வாயால்தான் சொல்லி அனுப்பினார்கள்.

8. இம்மனுவை அனுப்புமுன் தலைமையாசிரியையிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்து, "அனுப்பு. ஆனா முடிவு தெரியற வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதம்மா" என்றார். நான் போகமாட்டேன். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு ஆள் இல்லை. அன்று காலைக்குள் தாங்கள் யாரையாவது அனுப்ப வேண்டும் ஐயா. அது நானாக இல்லாவிட்டாலும் சரி.

இடம்: பள்ளிப் பின்தெரு
நாள்: ஜூன் 12, வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அச்சகக்காரர் மனைவி