சேவலுக்கு நான்காம் பொருள்

லண்டன்,
9 நவம்பர் 1972, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு, பெரில் எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கடிதங்களில் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது வரை எல்லாம் இருக்கிறது. உங்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. நீங்கள் எழுதி ஆறு வாரம் ஆகிறது.

அகராதி வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. இன்னும் ஆங்கில 'சி' (C) எழுத்தில்தான் இருக்கிறோம். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வாயைத் திறந்தால் நம் வடக்குப் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அதனால் மேசையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை என் கைக்கு வந்த சொல் 'காக்' (cock), அதாவது சேவல்; நீங்கள் பேருந்தில் டிக்கெட் கொடுத்தபடி நாளுக்கு இருநூறு தடவை சொல்லும் சொல். "உள்ள தள்ளிப் போ சேவலு", "படியில நிக்காத சேவலு." கிழவியானாலும் பாதிரியாரானாலும் உங்களுக்குச் சேவல்தான். இந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஆண்பிள்ளை உடம்பில் ஓர் இடம் என்றுதான் அர்த்தம். அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் இதற்குமேல் எழுத மாட்டேன். நம் ஊருக்கும் அது தெரியாததில்லை. ஆனால் உங்கள் பேருந்தில் யாரும் அதை நினைத்துச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சொல்லுக்கு நாங்கள் எழுதிவைத்த சீட்டில் முதல் பொருள் பறவை. இரண்டாவது, குழாயின் திருகு. மூன்றாவது அது. நான்காவது, வடக்கே பிரியமாக அழைக்கும் சொல். நான்காவதன் எதிரே, என்னோடு வேலை செய்யும் ஃபெனெல்லா 'வழக்கொழிந்தது' என்று பென்சிலால் எழுதியிருந்தாள். கூட்டத்தில் ஆசிரியர் லாங்டன், "இதை இன்னும் யாராவது சொல்றாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும் சார்" என்றாள் ஃபெனெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா, ஆறு வாரம் முன்பு என் பிறந்தநாளுக்கு டிப்போவிலிருந்து போன் செய்தீர்களே, அன்று போனை எடுத்தவள் அவள்தான். "பெரில் இருக்காளா சேவலு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஐயோ, யாரோ ஒரு கிழம் என்னைச் சேவலுங்குது! யாருடி இந்த ஆளு?" என்று கத்தினாள். அறை முழுக்கச் சிரிப்பு. நான், "எங்க ஊர் கறிக்கடைக்காரர்" என்றேன்.

போனை வாங்கினேன். "பிறந்தநாள் வாழ்த்து, பெரில்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என்னிடம் பேசும்போது 'சேவலு' என்றில்லாமல் என் பெயரை நீங்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சரியாகப் பொத்தவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். பேருந்து இரைச்சலில் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தில், தேதியோடு ஒரு சான்று இருந்தால்தான் அகராதியில் ஒரு பொருளை வைத்திருப்பார்கள். உங்கள் கடிதங்கள் எல்லாம் என் பெட்டியில் இருக்கின்றன. நான் பட்டம் வாங்கியபோது எழுதியதை நேற்று எடுத்துப்போய் லாங்டனின் மேசையில் வைத்தேன். 'பாஸாயிட்டியாமே சேவலு. டிப்போ பூராச் சொல்லிட்டேன். என்ன படிப்புன்னு ஒருத்தனுக்கும் தெரியல, ஆனா எல்லாரும் எனக்குக் கை குடுத்தானுங்க.'

அவர் இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. "யார் எழுதினது?" என்றார்.

"எங்க அப்பா. பஸ் கண்டக்டர்" என்றேன். ஃபெனெல்லாவின் தட்டச்சுச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்ல சான்றும்மா. ஆனா இது ரெண்டு வருஷம் பழசு. இப்பவும் அப்படிக் கூப்பிடறாரா?" என்று கேட்டார். அந்தப் போனுக்கு முந்தைய கடிதங்களைக் காட்டியிருக்கலாம், ஆனால் அவர் கேட்டது இப்போதைப் பற்றி. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு வரி எழுதுங்கள் அப்பா. திட்டி எழுதினாலும் சரி. என்னை எப்படி அழைத்து எழுதுகிறீர்களோ, அதை அப்படியே அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தேதி போட மறக்காதீர்கள்.

உங்கள் மகள்,
பெரில்