அடித்துத் திருத்திய கட்டம்

ஜூன் 3
கோர்ட் விட்டுவிட்டது. முதலாளி கைகழுவிய கப்பலில், எண்ணூருக்கு வெளியே கடலில் பதினொரு மாதமாகக் கிடந்த எட்டுப் பேரும் ஊருக்குப் போகலாம். இறங்கும் படிவங்களை நிரப்பப் படகில் போனேன். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் என்றால் நாற்காலி வேலை என்று நம்பியவள் நான்.

கடைசியாக சலேக் வந்தான். மேற்கு சகாராக்காரன். இங்கே மாட்டிக்கொண்ட பிறகு பிறந்த மகளை இன்னும் பார்க்கவில்லை. "ஸ்பெயின்காரன் போனான், மொராக்கோகாரன் வந்து உட்கார்ந்தான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே போராடுகிறோம்" என்றான். பாஸ்போர்ட் மொராக்கோவுடையது. ஆனாலும் நாடு என்ற கட்டத்தில் மேற்கு சகாரா என்றே எழுதினேன். பாவமாக இருந்தது, அவ்வளவுதான். அவன் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 5
இமிகிரேஷனிலிருந்து சலேக்கின் படிவம் திரும்பி வந்துவிட்டது. எங்கள் மேனேஜர் கருணாகரன் சார் கத்தினார்: "இன்னா பிலோமி, பாஸ்போர்ட்ல ஒரு நாடு, ஃபாரத்துல ஒரு நாடா? அத்த அடிச்சிட்டு மொராக்கோன்னு எய்து. பக்கத்துல அவன் கையெய்த்து வாங்கினு வா." ஞாயிற்றுக்கிழமை விமானம். தவறினால் இன்னொரு டிக்கெட் எடுத்துத் தர ஆளில்லை.

ஜூன் 6
சலேக் பேனாவைத் தொடவே இல்லை. "என் பெயருக்கு நேரே என் நாட்டின் பெயரை சர்க்கார் தாளில் இப்போதுதான் பார்த்தேன். என் கையால் அடிக்கமாட்டேன். மற்றவர்கள் போகட்டும்."

மகளை நினைத்துப் பார் என்றேன்.

"அவளுக்காகத்தான்" என்றான்.

ஐயோ, நான் எதுக்கு எழுதித் தொலைச்சேன்? போகவேண்டியவனை நானே கட்டிப் போட்டுட்டேனே!

ஜூன் 7
ஆபீசுக்கு யாரும் வருவதற்கு முன் நானே அடித்தேன். மொராக்கோ என்று எழுதினேன். பக்கத்தில் அவன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். தெரிந்தால் வேலை போகும், போலீசும் வரும். மாதாவே, மன்னித்துக்கொள்.

ஜூன் 8
எட்டுப் பேரும் இறங்கினார்கள். "அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்களா?" என்று சலேக் கேட்டான். தலையாட்டினேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஜூன் 15
படம் அனுப்பியிருக்கிறான். தோளில் மகள், சுற்றிலும் வீடு நிறைய ஜனம். கீழே எழுதியிருந்தான்: இந்தியா நம் பெயரை ஏற்றுக்கொண்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நம்பாதவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்தத் தாளின் நகல் ஒன்று அனுப்பு. கண்ணாடி போட்டு உள்ளறையில் மாட்டப்போகிறோம்.

இன்னும் பதில் போடவில்லை.