இட்லித் துணியில் சுருட்டிய கேக்

என் அம்மிணிக்கு,

ஜெயித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் சுகன்யாவின் பிறந்தநாளுக்கு நீ செய்வதாகச் சொல்லியிருந்தாயே, உள்ளே ஐஸ்கிரீம் வைத்துச் சுருட்டும் கேக், அதை நான் செய்துவிட்டேன். சிரிக்காதே. வெந்நீரைக்கூட அடிப்பிடிக்க வைக்கும் ஆள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிவைத்த அதே ஆள்தான்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்தே உன் அண்ணன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "பனியன் கம்பெனிக்குப் போனா பொழுது உழுந்துதான் வாறீங்க மாப்ளே. பொட்டப்புள்ளைய எப்படிங்க தனியா வளத்துவீங்க? எங்கூரு மங்கலத்துக்கே கூட்டிட்டுப் போயர்றனுங்க." அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு வலித்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள், பிறந்தநாளன்றே வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. நானும் தலையாட்டிவிட்டேன்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் சுகன்யா கேட்டாள். "ஏனுங்கப்பா, அம்மா சொன்ன கேக்க இந்த ஊட்லயே செஞ்சு பாக்கலாங்களா?"

இந்த ஊட்லயே. அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

தீபாவளி போனஸில் நீ வாங்கிவைத்த ஓவனைத் துடைத்தேன். செய்முறை அவளுக்கு மனப்பாடம். டிவியில் பார்த்துவிட்டு அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி வேகவைத்து, எடுத்த சூட்டோடு துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும். ஆறிய பிறகு பிரித்து, ஐஸ்கிரீமைத் தடவி, துணியில்லாமல் மறுபடி சுருட்ட வேண்டும்.

துணி என்றதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான என்னிடம் துணியைப் பற்றிப் பேச்சா? கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்திருந்த சாயம் ஏறாத பனியன் துணியை எடுத்து விரித்தேன். வெட்டிய ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும் துணி. சுருட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன்.

பிரிக்கும்போது வந்தது வினை. இழுக்க இழுக்கத் துணி நீண்டதே தவிர, கேக்கை விடவில்லை. மேல் தோலை உரித்துக்கொண்டு, நடுவில் பிளந்து, கடைசியில் கேக் உதிரியாகக் கையில் வந்தது. சுகன்யா கோபித்திருந்தால்கூடத் தேவலை. "பரவால்லீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் துணிமணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தட்டைக் கழுவப் போனபோது இட்லிப் பாத்திரம் கண்ணில் பட்டது. மேலே மடித்தபடி உன் காடாத் துணி, உங்கள் வீட்டுத் தறியில் ஓடிய வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி. பழைய இட்லித் துணி கிழிந்த அன்று நான் பனியன் துணியை நீட்ட, நீ என்ன சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? "உங்க துணி உங்களாட்டத்தானுங்க. இழுத்த பக்கமெல்லாம் போகும். இட்லிக்கு ஆகாது." நான் முறைத்தேன். நீ மறுநாளே மங்கலத்திலிருந்து காடா வரவழைத்துவிட்டாய்.

"கண்ணு, பைய அப்பறம் கட்டிக்கலாம், வா!" என்று கத்தினேன்.

முட்டையும் மாவும் மிச்சமிருந்தன. காடாவை அலசி, இஸ்திரி போட்டே காயவைத்து, பொடித்த சர்க்கரையைத் தூவி, சூட்டோடு சுருட்டினோம். கம்பெனியில் துணி ரோலைப் பிரித்து, இழுப்பு அடங்கும்வரை ஆறப்போட்ட பிறகுதான் வெட்டுவோம். அந்தப் பொறுமை ஒன்றுதான் என் தொழில் எனக்குக் கொடுத்த உதவி. ஆறியதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். காடா நீளவில்லை. கேக் ஒரு கீறலில்லாமல் அழகாக விட்டு வந்தது. சுகன்யா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அக்கா, "ஏட்டி, என்னாச்சு?" என்று பதறி ஓடிவந்துவிட்டார். பிஸ்தா ஐஸ்கிரீமைத் தடவிச் சுருட்டி ஃப்ரீசரில் வைத்தோம். நல்லவேளை, கரண்ட் போகவில்லை.

மறுநாள் உன் அண்ணன் வந்தார். சுகன்யா வெட்டிக் கொடுத்த துண்டில் மஞ்சளும் பச்சையுமாகச் சுற்று, ஓரிடத்திலும் விரிசல் இல்லை. தறிக்காரர் கண் அல்லவா, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, எந்தக் கடைல வாங்குனது?"

"நானும் அப்பாவும் செஞ்சமுங்க மாமா. நம்ம காடாத் துணில."

அவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். "அடுத்த பொறந்தநாளைக்கும் நீங்க இங்கதானுங்க மாமா வரோணும்" என்றாள் உன் மகள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, வாசலில் இருந்த சுகன்யாவின் பையைத் தூக்கினார். அழைத்துப் போகத்தான் என்று நினைத்தேன். தூக்கியவர் நேராக உள்ளே போய், அவள் கட்டிலில் வைத்துவிட்டு வந்தார்.

"இங்கயே இருக்கட்டுங்க மாப்ளே. இட்லித் துணி கிழிஞ்சா மட்டும் சொல்லியுடுங்க, தறில ஓட்டி அனுப்பறனுங்க."

அம்மிணி, ஒத்துக்கொள்கிறேன், ஜெயித்தது நானில்லை, உன் காடாதான். இனி நம் சமையலறையில் பனியன் துணி தலைகாட்டாது. உன் பெண்ணும் தானாக ஆசைப்பட்டுப் போகும் நாள்வரை இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போகமாட்டாள். இது என் வாக்கு.

நம் மண்ணரை வீட்டிலிருந்து,
இழுத்த பக்கமெல்லாம் போகாத
உன் வீட்டுக்காரன், சுகன்யாவின் அப்பன்