ஞானத்தாய் சொல்ல வேண்டிய பதில்

முத்தியால்பேட்டை,
12 நவம்பர் 1957

என் வீட்டுக்காரருக்கு, ஆசையோடு சுலோசனா எழுதுவது.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. இங்கே பத்து நாளாக விடாத மழை. கொடியில் போட்ட துணி காய்வதில்லை, அரை ஈரப் புடவையோடுதான் ஆபீசுக்குப் போகிறேன். அங்கே எப்போதும்போல் பிறந்தவர் பெயரும் இறந்தவர் பெயரும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல். உங்கள் தங்கை மர்த்துக்கு அடுத்த மாதம் பிரசவம். கிறிஸ்மஸ் அன்றைக்கு ஞானஸ்நானமாம், பிள்ளைக்கு நான்தான் ஞானத்தாயாம். "வேற யாரையாச்சும் பாரேன்" என்றேன். "நீங்கதான் அண்ணி, சாமியார்கிட்ட சொல்லிட்டேன்" என்று போய்விட்டாள்.

உங்களுக்குத் தெரியாததா? நம் கல்யாணத்துக்காகத்தான் நான் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டேன். "விசுவசிக்கிறாயா?" என்று சாமியார் கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன். எனக்காகச் சொன்னது போகட்டும். ஞானத்தாய் என்றால் அதே கேள்விக்குப் பிள்ளையின் சார்பில் பதில் சொல்ல வேண்டுமே. வாய் திறந்து பேசாத பிள்ளைக்காக எப்படிப் பொய் சொல்வேன்? கோபப்படாமல் ஒரு வழி சொல்லுங்கள்.

சுலோசனா
(கோவில் புத்தகத்தில் சூசான்)

துலோன், பிரான்ஸ்,
22 நவம்பர் 1957

என் செல்ல சுலோவுக்கு,

கோபமா? இப்படி ஒரு கேள்வி கேட்கிற பெண்ணைத்தானே கட்டிக்கொண்டேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பட்டாளக் கிடங்கில் கம்பளி மடித்து மடித்து விரல் விறைக்கிறது.

டிசம்பர் முதல் தேதி ஆகமனக் காலம், கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கிற நாட்கள், ஆரம்பம். லூக்காஸ் சுவிசேஷத்தில் இருபத்துநாலு அதிகாரம். நாளுக்கு ஒன்று வாசி, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் மர்த்திடம் சொல்லிவிடு, நான்தான் வேண்டாமென்றேன் என்று. திட்டு எனக்கு விழட்டும். புத்தகம் அம்மாவின் மரப்பெட்டியில் இருக்கும்.

உன் ஃபெர்னான்

முத்தியால்பேட்டை,
10 டிசம்பர் 1957

அன்பானவருக்கு,

புத்தகம் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கள் வீட்டில் யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை!

முதல் பக்கமே என்னைப் பிடித்துக்கொண்டது. லூக்காஸ் கடிதம்தான் எழுதியிருக்கிறார், தெயோப்பிலு என்பவருக்கு. நேரில் கண்டவர்களை விசாரித்து வரிசையாக எழுதுகிறேன், நீ கேட்டுக்கொண்டது உறுதியானது என்று உனக்குத் தெரியட்டும் என்கிறார். எங்கள் ஆபீசில் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்று பத்தாவது அதிகாரம். அதில் நம் மர்த்தின் பேரே கொண்ட ஒரு மார்த்தாள், 'நான் மட்டும் வேலை செய்யணுமா?' என்று சேசுநாதரிடமே முறையிடுகிறாள். உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "என்னை யாரோ பாத்து எழுதியிருக்காங்க அண்ணி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மனசு இன்னும் ஒப்பவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் கை தானாகப் புத்தகத்தைத் தேடுகிறது.

சுலோசனா

முத்தியால்பேட்டை,
26 டிசம்பர் 1957

என் அன்பானவருக்கு,

மர்த்துக்குப் பெண் குழந்தை, பத்தொன்பதாம் தேதி. உங்கள் மூக்கு, பாவம்.

நடந்ததைச் சொல்கிறேன். என் மேஜை முன்னால் தினம் யாராவது வந்து பிறப்பு சொல்கிறார்கள், வயது சொல்கிறார்கள். பொய் சொல்ல வருகிறவர் தனக்கு வெட்கம் தருகிற எதையும் சொல்லமாட்டார், கதை வழவழவென்று இருக்கும். லூக்காஸில் அப்படி இல்லை. சேசுநாதரைப் பிடித்துக்கொண்டு போன இரவில் தலைமைச் சீடர் இராயப்பரே 'அவரை எனக்குத் தெரியாது' என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே போய் அழுகிறார். கல்லறை காலி, சேசுநாதர் உயிர்த்துவிட்டார் என்று பெண்கள் ஓடிவந்து சொன்னால், ஆண்கள் அதை உளறல் என்று தள்ளுகிறார்கள். அதை ஒரு ஆணே எழுதி வைத்திருக்கிறார்! இட்டுக்கட்டுகிறவன் இப்படி எழுதுவானா? இருபத்துநாலாம் தேதி மத்தியானம் இதை வாசித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "நெசமாத்தான் நடந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அத்தை பயந்துபோய், "என்னடி நடந்துச்சு?" என்று ஓடிவந்தார்கள்.

நேற்று கோவிலில் சாமியார் "விசுவசிக்கிறாயா?" என்றார். குழந்தை கையில் கனத்தது. "விசுவசிக்கிறேன்" என்றேன். பின்வரிசை வரை கேட்டதாம்.

உங்கள் சுலோசனா

துலோன்,
12 சனவரி 1958

என் சுலோவுக்கு,

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உன்னை வாசிக்கச் சொன்னேனே, அந்தப் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. இருபத்துநாலு அதிகாரம் என்பது சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தது. ஏழு தலைமுறைக் கிறிஸ்துவன் என்று பெயர். இங்கே வந்து பதினாலு மாதமாகக் கோவில் பக்கம் போனதில்லை. உன் கேள்விக்கு என்னிடமும் பதில் கிடையாது. அதனால்தான் புத்தகத்தைக் காட்டிவிட்டு நழுவினேன்.

உன் பத்தாம் தேதிக் கடிதம் வந்த பிறகு வெட்கமாகிவிட்டது. பிரெஞ்சில் ஒன்று இரவல் வாங்கி உட்கார்ந்தேன். இராயப்பர் அழுத இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்.

இன்று பூசைக்குப் போனேன். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியார், "இத்தனை நாள் கழித்து உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்டார். "என் மனைவி. அவள் ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது" என்றேன்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. இல்லை, காட்டு. சத்தமாகவே படி.

உன் ஃபெர்னான்