உள்ளே தாழ்ப்பாள் போட்ட வீடு

ஸ்ரீபெரும்புதூர்
8.2.2004, ஞாயிறு

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கவியாவும் அதே மாதிரி இருக்க சங்கரன்கோவில் கோமதித் தாயை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. கவியாவுக்கு விழுந்த மேல்பல் மறுபடி முளைத்த செய்தியை அம்மா என்னை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மே மாசம் லீவில் ஊருக்கு வரும்போது புனே வீட்டைப் பூட்டிவிட்டு வரப் பயமாக இருக்கிறது, நீங்கதான் செக்யூரிட்டி ஆச்சே, என்ன செய்யணும்னு எழுதுங்கப்பா என்று கேட்டிருக்கிறாய். நல்ல ஆளாகப் பார்த்துத்தான் கேட்டாய் போ. ஒரகடம் ரோட்டில் கம்பெனி கேட்டில் விசில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்தவன் பையைத் திறந்து பார்க்கிற உன் அப்பன், சொந்த வீட்டைக் காவல் காத்த லட்சணத்தை முதலில் கேள். பகலில் வாசி, ராத்திரி வாசிக்காதே.

பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனது உனக்குத் தெரியும். தொங்கு பூட்டைப் பார்த்துத்தான் திருடன் வீட்டில் ஆள் இல்லை என்று கண்டுபிடிக்கிறான், அதனால் பூட்டே கண்ணில் படக்கூடாது, ஆள் இருக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போகணும் என்று எங்கள் ஏஜென்சியில் மிலிட்டரிக்காரர் ஒருத்தர் வகுப்பு எடுத்தார். எட்டாம் வகுப்பில் வாத்தியார் சொன்னதை அப்படிக் கேட்டிருந்தால் நான் இன்றைக்கு கலெக்டர். பெரிய திண்டுக்கல் பூட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, கதவிலேயே பொருத்தியிருக்கிற பூட்டை மட்டும் சாவி போட்டுத் திருப்பினேன். வாசலில் என் பழைய செருப்பு, அம்மாவின் வார் அறுந்த செருப்பு, கொடியில் ஒரு துண்டு, மாடி லைட்டு எரியட்டும் என்று விட்டாயிற்று. இவ்வளவு ஜோடனையும் பண்ணிவிட்டு கம்பெனி கேட்டில் வந்து, நான் குடியிருக்கிற சந்திரம்மாள் வீட்டு மாடியைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போறேன், தை பாதிக்குத்தான் வருவேன் என்று கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனுக்கும் சொன்னேன். இப்படி ஒரு காவல்காரன்.

திரும்பி வந்தது போன திங்கட்கிழமை நடுப்பகல். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் மடியில் மூட்டையோடு வந்து, அப்புறம் பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தோம். பூட்டு நான் பூட்டினபடியே இருந்தது. கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே போகாமல் நின்றுவிட்டாள். அடைத்துக் கிடந்த வீட்டுக்கு ஒரு வாடை உண்டு இல்லையா, அது இல்லை. காலையில் யாரோ சமைத்துச் சாப்பிட்டுப் போன வீடு மாதிரி கடுகும் கறிவேப்பிலையும் மணத்தது. எலியாக இருக்கும் என்றேன். எலி தாளிக்குமா என்று கேட்டாள். அடுப்படியில் ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, அதன் விளிம்பில் இன்னும் ஈரம். ரெண்டு வருசமாகச் சொட்டுகிற குழாய் சொட்டவில்லை, புது வாஷர் போட்டிருந்தது. பாய் நான் சுருட்டுகிற மாதிரி இல்லாமல் ஒழுங்காகச் சுருட்டி நிறுத்தியிருந்தது. பீரோவில் நகை அப்படியே இருக்கிறது, உண்டியல் இருக்கிறது. அம்மாதான் காலண்டரைக் காட்டினாள். நாங்கள் கிளம்பின தேதியில் நிற்க வேண்டிய தினசரி காலண்டர் அன்றைக்குத் தேதியைக் காட்டிக்கொண்டு தொங்கியது. நாங்கள் இல்லாத நாளெல்லாம் தினம் ஒரு தாளாக யாரோ கிழித்திருக்கிறார்கள். செல்வி, திருட்டுப் போயிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்போம். ஒன்றும் போகாமல் இருந்ததுதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்னாய்யா போச்சு என்று ஏட்டு கேட்டார். ஒன்றும் போகவில்லை என்றேன். அப்போ இன்னாதான் ஆச்சு என்றார். குழாய்க்கு வாஷர் போட்டிருக்கு சார் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த ஆள் கிடைச்சா என் வூட்டாண்டயும் இட்டுனு வாய்யா, ரெண்டு குழாய் ஒழுகிக்கினு கீது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேறொருத்தன் வந்து சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். கீழே கடைக்காரரிடம் கேட்டால், லைட்டு எரிஞ்சுகினு இருந்துது, நீங்க வந்துட்டீங்கன்னு நெனைச்சுக்கினேன் என்கிறார். திருடனுக்காகச் செய்த ஜோடனையை ஊரே நம்பியிருக்கிறது.

அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், நீங்க டூட்டிக்குப் போனப்புறம் இந்த வீட்டுல தனியா இருக்க மாட்டேன், வேற வீடு பாருங்க, இல்லேன்னா என்னை செல்விகிட்ட ரயில் ஏத்திவிடுங்க என்று. நான் சிரித்து மழுப்பினேன். பகலிலேயே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள், ஞாயிற்றுக்கிழமை பூட்டை மாற்றிவிடுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்டேன் பார், அதுதான் தப்பு.

போன வியாழக்கிழமை, மூன்று மணி இருக்கும். அம்மா படுத்திருந்திருக்கிறாள். வெளியில் சாவி போடுகிற சத்தம். நான்தான் சீக்கிரம் வந்துவிட்டேன் என்று எழுந்தவள், நான் என்றால் கீழேயே தொண்டையைச் செருமுவேனே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாவி சிக்காமல் திரும்பிப் பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினால் தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. இடிக்கவில்லை, உதைக்கவில்லை. அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல், நம்ம பக்கத்துப் பேச்சு, மெதுவாக, காந்திமதி, நான்தான் வந்திருக்கேன், உறங்குதியா என்று கேட்டிருக்கிறது. அம்மாவுக்குப் பயத்தில் தன்னை அறியாமல் ம் என்று ஒரு சத்தம் மட்டும் வந்துவிட்டது. வெளியே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதாம். சரி சரி, படுத்துக்க, எந்திரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திறந்த பூட்டை மறுபடி சாவி போட்டுப் பூட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அந்த ம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லியிருக்கக் கூடாது என்று அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே பூட்டை மாற்றினேன். வீட்டுக்காரி சந்திரம்மாள் பொங்கலிலிருந்தே வாலாஜாபாத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள், நேற்றுத்தான் வந்தாள். காந்திமதி என்று பேரைச் சொன்னதும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நமக்கு முன்னால் அந்த மாடியில் இருந்த பெண்ணாம். காய்ச்சலோடு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். புருஷன் ஓவர்டைம் முடித்து வந்து தட்டித் தட்டிப் பார்த்தானாம், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தானாம், பதிலே இல்லை. கதவ ஒடச்சுத்தாம்பா உள்ள போனோம், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு பூட்ச்சு, நீ குடிவர்றப்போ இதெல்லாம் சொன்னா வருவியா இன்னா என்று அழுதாள். பூட்டு பழசேதான், கதவை உடைத்ததில் தாழ்ப்பாள் மட்டும்தான் புதுசாகப் போட்டது. அந்தப் புருஷன் காலி பண்ணும்போது சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனானாம், இன்னொன்று வெட்டி வைத்திருந்தது யாருக்குத் தெரியும். இப்போது மண்ணூரில் நாலைந்து பையன்களோடு ரூமில் இருக்கிறானாம். பேர் நெல்லையப்பன்.

அவனை எனக்குத் தெரியும் செல்வி. நெல்லையப்பன் எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் காண்ட்ராக்ட் ஆள். முதல் ஷிப்ட் முடிந்து தினமும் என்னிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போகிறான். ஊருக்குப் போகிறேன் என்று நான் தம்பட்டம் அடித்தபோது, எத்தனை நாள் சார் என்று நின்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். என் வீட்டுச் சாவி கிடந்த பையை நானே துழாவி, சரி போ என்று அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமையும் என்னை கேட்டில் பார்த்துவிட்டு, நான் வீட்டில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் நேரே மாடிக்கு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை அவன் பையில் டிபன் பாக்ஸுக்கு மேல் இலையில் சுற்றின மல்லிகைப்பூ இருந்தது. யாருக்குப்பா பூ என்று சும்மா கேட்டேன். வீட்டுக்கு சார், முடியாமக் கெடந்தா, இப்ப கொஞ்சம் பேசுதா என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நல்லதுப்பா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு என்று நானும் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே மாதிரி பூ நம் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் தொங்குகிறது, அப்போதுகூட நான் அவனை நினைக்கவில்லை. நேற்றும் ஒரு முழம். அம்மா அதைத் தலையில் வைக்கவும் மாட்டாள், குப்பையில் போடவும் மாட்டாள், சாமி படத்துக்கும் போடத் தயங்குகிறாள். சொம்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஏட்டிடம் போனால் இந்தத் தடவை சிரிக்க மாட்டார், பிடித்து உள்ளே போடுவார். வீட்டைக் காலி பண்ணிவிடலாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஓடிப்போகணும் என்று நின்ற அம்மா இப்போது மாட்டேன் என்கிறாள். நாம வெளிய பூட்டிட்டுப் போயிட்டா அவன் வந்து இந்தப் படியில நின்னு கூப்பிடுவானே, அந்த வீட்டுல எவ குடிவந்தாலும் கூப்பிடுவானே என்கிறாள். நாளைக்கு எனக்குப் பகல் டூட்டி. கேட்டில் நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டாம், மெதுவா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, அவன் தட்டட்டும், நானே தாழ்ப்பாளை நீக்குறேன், என் முகத்தை அவன் நல்லாப் பார்க்கட்டும், அப்புறம் உக்காத்திவச்சு சோறு போடுறேன் என்று சொல்லியிருக்கிறாள். லாரியையே கை காட்டி நிறுத்துகிற நான், அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பயப்படாதே. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல்லிக் கதவுப் பூட்டை மாற்று, மே மாசம் வரைக்கும் வைக்காதே. உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எதற்குப் போனார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள். கவியாவைத் தனியாக உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளப் பழக்காதே. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க அம்மாவும் நானும் மனசாரச் சொல்கிற ஆசி. நாளைக்குச் சோற்றுக்கு அம்மா ஒரு உழக்கு அரிசி கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கொம்பையா