கோமதி இல்லாத ஏழாம் பாகம்

என் அன்பு மச்சாள் சுகந்திக்கு,

நம் தொடர்கதையின் ஏழாம் பாகம் வந்துவிட்டது. நீ போன பிறகு வந்த முதல் பனிக்காலம் இன்னும் முடியவில்லை, அதற்குள் வந்துவிட்டது. அந்த எழுத்தாளர் கொஞ்சம் முந்தி எழுதி முடித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, நான் உள்ளே வரும்போதெல்லாம் "புத்தகம் வந்திட்டுதோ?" என்றுதானே நீ கேட்டாய்.

முதலில் ஒரு ஆறுதலான செய்தி சொல்கிறேன். நீ ஒன்றையும் இழக்கவில்லை. புத்தகம் சரியில்லை.

டொரொண்டோவுக்குக் கல்யாண வீட்டுக்குப் போன மாலினிதான் வாங்கி வந்தாள், மேல் மாடியில் இருக்கிறாளே, அவள். "இந்தாங்கோ அக்கா, உங்கடை காதல் கதை" என்று படியில் வைத்துத் தந்தாள். சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டே கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அட்டையில் நம் கதாநாயகி நிறைமதி சிவப்புச் சேலையில் நின்றாள். இளமாறன் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். நீ பார்த்திருந்தால் அந்தக் கண்ணாடிக்கே ஒரு மணித்தியாலம் திட்டியிருப்பாய்.

இதை வேறு யாராவது எடுத்து வாசித்தால் அவர்களுக்கும் விளங்கக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீயும் நானும் உறவில்லை. இங்கே வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை, அவ்வளவுதான். நீங்கள் இருவரும் சொந்தமா என்று அந்த ரீச்சர் கேட்டபோது, அன்று படித்ததில் உனக்கு நினைவிருந்தது மச்சாள் என்பதற்கான சொல் ஒன்றுதான். அதையே சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து நான் உனக்கு மச்சாள், நீ எனக்கு மச்சாள், உன் மனிசன் குணா எனக்கு அண்ணை.

புத்தகம் எப்போதும் ஒரு பிரதிதான் நம் கைக்கு வரும். மூன்றாம் பாகம் வந்தபோது உனக்கும் பொறுமையில்லை, எனக்கும் பொறுமையில்லை. யார் முதலில் வாசிப்பது என்று என் குசினியில் நின்று சண்டை பிடித்தோம். நீ மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து, புத்தகத்தின் முதுகில் வைத்து இரண்டாகப் பிளந்தாய். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். நீ சொன்னாய்: "சரஸ்வதி கோவிச்சா நான் கதைக்கிறன். நீ பேசாமல் இரு."

முதல் பாதி உனக்கு. அதை முடித்ததும் எனக்குத் தந்துவிட்டு நீ இரண்டாம் பாதிக்குப் போவாய். உன் மெட்ரோவும் என் மெட்ரோவும் சந்திக்கிற ஜோன்-தலோன் நிலையத்தில், படிக்கட்டுக்குக் கீழே நின்று கைமாற்றுவோம். அப்போது உன் முகத்தைப் பார்த்தே அவன் ஏதோ கெட்ட வேலை செய்துவிட்டான் என்று எனக்கு விளங்கிவிடும். சொல்லாதே என்று காதைப் பொத்துவேன். நீ சொல்லிவிட்டுத்தான் போவாய்.

போன ஞாயிறு மத்தியானம் என்ன செய்தேன் தெரியுமா? தேத்தண்ணி வைத்துவிட்டு, கத்தியை எடுத்து ஏழாம் பாகத்தை வெட்டினேன். யோசிக்கவே இல்லை. முதுகு பிளந்து இரண்டு துண்டாக மேசையில் விழுந்த பிறகுதான் உறைத்தது. முதல் பாதியை யாரிடம் கொடுப்பது? மகன் கல்கரியில். நான் வேலை செய்கிற கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், என்னோடு சமைக்கிற பெண் பெரு நாட்டுக்காரி. இரண்டு பாதியையும் முன்னால் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன், மச்சாள்.

பிறகு வாசித்தேன். வேறென்ன செய்ய?

இளமாறன் லண்டனிலிருந்து திரும்பி வருகிறான். ஆறு பாகமாக அவளை அலைக்கழித்தவன், விமான நிலையத்தில் ஒரு பூங்கொத்தோடு நிற்கிறான். நிறைமதி ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கே போனாய், ஏன் போனாய், அந்த மற்றவள் யார், ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்து சிரிக்கிறாள். பிறகு கல்யாணம். சேலை, நகை, பந்தல், பாயசம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. சேலைக் கடை விளம்பரம் வாசிப்பது போல இருந்தது.

அதைக்கூட விட்டுவிடுவேன். எனக்கு ஆறாதது வேறு. இந்தப் பாகத்தில் கோமதி இல்லை.

உன் கோமதி. நிறைமதியின் சிநேகிதி, தையல்கடைக்காரி, வாயாடி. இளமாறனைப் பஸ் நிலையத்தில் சனம் பார்க்கத் திட்டித் திருப்பி அனுப்பியவள். நிறைமதி நஞ்சு குடிக்கப் போன இரவில் கதவை உடைத்து உள்ளே வந்தவள். நாம் இந்தத் தொடரை வாசித்ததே அவளுக்காகத்தான் என்று நீ சொல்லுவாய். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். அவளுக்கு என்ன குறை என்று கேட்பாய்.

கல்யாண அத்தியாயத்தில் வருவாள் என்று பார்த்தேன். தாலி கட்டும்போதும் இல்லை, பந்தியிலும் இல்லை. தவறவிட்டேனோ என்று முதலிலிருந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். அவள் சாகவில்லை. ஊர் மாறிப் போகவில்லை. சண்டை பிடித்துப் பிரியவுமில்லை. அவள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நிறைமதிகூடக் கேட்கவில்லை. கோமதி செத்துப் போனாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் அழுதுவிட்டு ஆறியிருப்பேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கை தன்பாட்டில் உன் நம்பரை அமத்திவிட்டது. நமக்குள் ஹலோ கிடையாதுதானே. அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டதும் நேரே தொடங்கிவிட்டேன்.

"அவன் லண்டனிலையிருந்து வந்திட்டான் மச்சாள். அவளும் ஒண்டும் கேக்காமல் ஓம் எண்டிட்டாள். வெக்கம் கெட்டவள்."

பதில் குணா அண்ணையின் குரலில் வந்தது.

"ஆர் தங்கச்சி வந்தது?"

"இளமாறன், அண்ணை" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஆரின்ரை பெடியன்?"

"புத்தகத்திலை வாற ஆள் அண்ணை. மன்னியுங்கோ, கை பழக்கத்திலை அடிச்சுப்போட்டன். வைக்கிறன்."

"வைக்காதையும்" என்றார். "அந்த லண்டன்காரன்தானே? ஆஸ்பத்திரியிலையும் அவனைத்தான் அவள் திட்டினவள். நான் டொக்டரைத் திட்டுறாள் எண்டு நினைச்சுப் பயந்துபோனன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உன் போனில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் சொன்னார். உன் போனை ஒவ்வொரு நாளும் சார்ஜில் போடுகிறாராம். அந்த நம்பருக்கு ஒருவரும் எடுப்பதில்லையாம். "பிள்ளையள் அவளின்ரை பேரையே எடுக்கிறேல்லை, தங்கச்சி. நான் அழுவன் எண்டு அதுகளுக்குப் பயம். அதுகள் அழும் எண்டு நானும் எடுக்கிறேல்லை. தங்களுக்கை பிரெஞ்சிலை ஏதோ கதைக்குதுகள், நான் வந்தா நிப்பாட்டுதுகள். சாப்பாட்டு மேசையிலை கரண்டிச் சத்தம் மட்டும்தான்."

கோயிலிலும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. நான் போய் உட்கார்ந்தால் பெண்கள் விலைவாசியைக் கதைப்பார்கள், குளிரைக் கதைப்பார்கள். உன் பேர் வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கதைப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அதனால் அவர்களோடு கோபிக்கவும் முடியவில்லை.

"அண்ணை, கோமதியைக் காணேல்லை" என்றேன். "புத்தகம் முழுக்கத் தேடிப்போட்டன்."

கோமதி யார் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எங்கை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை."

"அது பிழை" என்றார். திரும்பவும் சொன்னார். "அது சரியான பிழை, தங்கச்சி."

இரண்டு பேரும் அழுதோம். கோமதிக்காகத்தான் என்று வைத்துக்கொண்டோம்.

வைக்கப் போகும்போது கேட்டார்: "வாற ஞாயிறு இஞ்சாலை வாருமன். பிள்ளையளும் நிப்பினம். வந்து அவளைப் பற்றிக் கதையும். நல்லதாத்தான் கதைக்கோணும் எண்டில்லை."

நாளைக்கு ஞாயிறு. கார்ட்டியர்வில்லுக்குப் பஸ் எடுத்து உன் வீட்டுக்குப் போகிறேன். வாசலில் உன் சப்பாத்து இருக்குமோ இல்லையோ தெரியாது. உன் கதிரையில் யாராவது இருப்பார்களா, வெறுமையாக விட்டிருப்பார்களா? நினைக்கப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் கதைப்பேன். இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் குணா அண்ணையின் இரண்டு ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மெட்ரோக் கதவில் நீ சிக்கி நின்றதைச் சொல்வேன். மரக்கறிக் கடைக்காரனிடம் பிரெஞ்சில் பேரம் பேசத் தொடங்கி, தமிழில் திட்டி முடித்ததைச் சொல்வேன். என் மனிசன் விட்டுப்போன கிழமை முழுக்க என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டு, ஆறுதல் ஒரு சொல்லும் சொல்லாமல், என் சமையலில் பிழை பிடித்தே என்னை எழுப்பி உட்கார வைத்ததையும் சொல்வேன். உன் மகளுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். மற்றப் பாதியை என் உடைந்த பிரெஞ்சில் சொல்வேன். அவள் என் பிரெஞ்சைக் கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். நடுவில் யாராவது அழத் தொடங்கினால் நான் கதையை மாற்ற மாட்டேன். அழுது முடியும்வரை பக்கத்தில் இருப்பேன். பிறகு உன் பேரைச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்.

நீ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும்,
உன் மச்சாள் வதனா
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்